கணக்கு ஒப்புவிக்க யாரிடம் போகலாம்? ராமநாதபுரம் கடற்கரையில் கிடைக்கும் ஆன்ம வழிகாட்டல் சேவைகள்: ஒரு மதிப்பீடு

விசைப்படகு கரை சேர்ந்ததும் முதல் வேலை கணக்கு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கழித்து மிச்சத்தைத்தான் பங்கு வைப்பார்கள். "பாடு (பிடிபட்ட மீன்) பரவாயில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு யாரும் நழுவ முடியாது. எத்தனை கிலோ, என்ன விலை, யார் எடுத்தார் என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். அதே ஆளை ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் பங்குச் சாமியார் நிறுத்தி, ஜெபமெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டால், "ஏதோ ஓடுது சாமி" என்பார். சாமியும் தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் திரும்பிவிடுவார்.

"நம்மில் ஒவ்வொருவனும் தன்னைக்குறித்துத் தேவனுக்குக் கணக்கொப்புவிப்பான்" என்கிறது ரோமர் 14:12. கணக்கொப்புவித்தல் என்ற அந்தப் பழைய சொல்லைத்தான் இங்கே பிடித்துக்கொள்கிறோம். கடைசி நாளின் பெரிய கணக்கு இருக்கட்டும். வாரக் கணக்கு, மாதக் கணக்கு கேட்க இந்தக் கரையில் யார் இருக்கிறார்கள், அவர்களிடம் என்ன கிடைக்கும், எங்கே சறுக்கும் என்று பார்ப்பதுதான் இந்த மதிப்பீடு. பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், மண்டபம், வடக்கே தொண்டி, தெற்கே மூக்கையூர் வரை இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. பெரும்பாலும் சிவகங்கை மறைமாவட்டத்துக் கத்தோலிக்கர்கள், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) மதுரை-ராமநாதபுரம் பேராயத்தைச் சேர்ந்தவர்களும் தனிச் சபைக்காரர்களும் உண்டு. எதைப் பார்த்தாலும் நான்கைத்தான் அளந்தோம்: சொன்னது வெளியே போகுமா, அடுத்த மாதமும் அதே ஆள் இருப்பாரா, கேள்வி கூர்மையாக வருமா, கடலுக்குப் போகும் நாட்களோடு ஒத்துவருமா.

முதலில் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் தனியாகப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. ஒப்புரவு அருட்சாதனம் என்று இப்போது அச்சடித்தாலும் கரையில் பழைய பேர்தான் புழங்குகிறது. ரகசியத்துக்கு ஐந்துக்கு ஐந்து; இதைவிட இறுக்கமான பூட்டு வேறெங்கும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 983-ம் விதி குருவின் வாயைக் கட்டுகிறது. மொழிபெயர்க்க நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் அவர் வாயையும் சேர்த்துக் கட்டுகிறது. பலருக்குத் தெரியாதது அடுத்த விதி, 984: விஷயம் வெளியே தெரிய வாய்ப்பே இல்லாவிட்டாலும், கேட்டதை வைத்து உங்களுக்குப் பாதகமாக எதையும் செய்ய அவருக்கு உரிமை இல்லை. திருவிழாக் கமிட்டிப் பணத்தில் கை வைத்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால், அதைக் காரணமாக வைத்து அவர் உங்களைக் கமிட்டியிலிருந்து நீக்க முடியாது. பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார், அது வேறு.

தொடர்ச்சிக்கு மட்டும் ஐந்துக்கு இரண்டு. பூசைக்கு முன் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். தவக்காலக் கடைசி வாரத்தில் அதுவும் இல்லை. அந்த அவசரத்தில் நடப்பது பட்டியல் ஒப்பிப்பு: கோபப்பட்டேன், பொய் சொன்னேன், ஜெபம் தவறினேன். போன வருடமும் இதே மூன்று, வரும் வருடமும் இதே மூன்று. குரு மாற்றலாகிப் போனால் புதியவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதற்கு ஒரு வழி உண்டு. ஒரே குருவிடம் மாதம் ஒருமுறை, கூட்டமில்லாத கிழமையில், "சாமி, எனக்கு இருபது நிமிஷம் வேணும்" என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலானவர்கள் தருகிறார்கள். கேட்பவர்தான் குறைவு.

புனித அருளானந்தர் திருத்தலமான ஓரியூருக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யும் வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உள்ளூர் முகம் தெரியாத குருவிடம், பல வருடமாக நெஞ்சில் கிடந்த ஒரு கனத்தை இறக்கி வைக்க அது நல்ல இடம். மாதக் கணக்குக்கு உதவாது. ஆனால் ஓரியூர் வரலாறே வழிகாட்டல் கேட்கும் விலையைப் பற்றியது. ஞானஸ்நானம் பெற வந்த சிற்றரசர் தடியத்தேவரிடம், இயேசு சபைக் குருவான அருளானந்தர் கேட்டது ஒரே ஒரு நடைமுறைக் காரியம்: ஒரு மனைவியோடு மட்டும் வாழ்வது. அதனால் விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அந்தப் பகையில்தான் 1693 பிப்ரவரி 4 அன்று அந்தச் செம்மண்ணில் அருளானந்தரின் தலை விழுந்தது. வழிகாட்டி மழுப்பலாகப் பேசியிருந்தால் யாருக்கும் கோபம் வந்திருக்காது.

இரண்டாவது, ஆன்ம வழிகாட்டல். மாதம் ஒருமுறை முக்கால் மணி நேரம், ஒரே ஆளோடு. குருவாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. கன்னியர் மடத்துச் சிஸ்டர், பழுத்த உபதேசியார் (பங்கில் வேதம் சொல்லித் தருபவர்), ஓய்வுபெற்ற சி.எஸ்.ஐ. ஆயர் (போதகர்) என யாராகவும் இருக்கலாம். இந்தக் கரையில் உபதேசியார்களை நாம் குறைத்து எடை போடுகிறோம். குருக்கள் வருவார்கள், போவார்கள். உபதேசியார் இருபது வருடமாக அதே தெருவில் இருக்கிறார், யார் வீட்டில் என்ன என்று தெரியும். அதுவே பலம், அதுவே சிக்கலும். உங்கள் தங்கையைக் கட்டிய வீட்டுக்கு அவர் உறவு என்றால் பக்கத்து ஊர் உபதேசியாரைத் தேடுங்கள்.

ஒன்றை ஆரம்பத்திலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாவசங்கீர்த்தனத்துக்கு உள்ள ரகசிய முத்திரை வழிகாட்டல் பேச்சுக்குக் கிடையாது. குருவிடமே ஆனாலும், திண்ணையில் உட்கார்ந்து பேசியது திண்ணைப் பேச்சுதான். அவருடைய நேர்மையை நம்பித்தான் பேசுகிறீர்கள். அதனால் முதல் சந்திப்பில் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: நான் சொல்வதை யாரிடமாவது பகிர்வீர்களா, எந்த நிலையில் பகிர்வீர்கள், என் வேலையிலோ சம்பளத்திலோ முடிவு எடுக்கும் இடத்தில் இருக்கிறீர்களா. மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அவர் வேண்டாம். பங்குப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சருக்கு அந்தப் பள்ளித் தாளாளர் வழிகாட்டியாக இருக்கக் கூடாது. குருமடங்களிலேயே இந்தப் பிரிப்பு சட்டமாக இருக்கிறது: ஒரு மாணவரைக் குருவாக்கலாமா என்று முடிவெடுக்கும்போது அவருடைய ஆன்ம வழிகாட்டியின் கருத்தைக் கேட்கவே கூடாது என்கிறது சட்டம் 240.

வழிகாட்டியிடம் வெறுங்கையோடு போனால் முக்கால் மணி நேரமும் ஊர்க்கதையில் கரையும். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் வகுத்த இரண்டு பயிற்சிகள் இதற்குக் கைகொடுக்கும். ஒன்று, நாள் முடிவில் ஐந்து படி: நன்றி சொல்வது, தெளிவுக்கு வரம் கேட்பது, எழுந்தது முதல் இந்த நேரம் வரை மணிக்கு மணி ஆன்மாவிடம் கணக்குக் கேட்பது, மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். மூன்றாவது படியில் அவரும் கணக்கு என்றேதான் சொல்கிறார். பத்து நிமிடம் போதும். அதைத் தாண்டினால் பெரும்பாலும் தூக்கம்தான்.

மற்றது, ஒரே ஒரு குறையை மட்டும் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் துரத்தும் தனித்தேர்வு. இதுதான் எங்களுக்குப் பிடித்த கருவி. ஒரு சின்ன நோட்டில் ஏழு நாளுக்கு ஏழு இரட்டைக் கோடு போட வேண்டும். மேல் கோடு எழுந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரை, கீழ்க் கோடு அங்கிருந்து இரவுச் சாப்பாடு வரை. தவறிய ஒவ்வொரு முறைக்கும் கோட்டில் ஒரு புள்ளி. முதல் நாள் கோடு நீளம், அடுத்தடுத்த நாள் கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டை. குறை குறையும் என்ற எதிர்பார்ப்பைக் கோட்டிலேயே வரைந்து வைத்திருக்கிறார். மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் ஒப்பிட வேண்டும், இன்றையும் நேற்றையும் ஒப்பிட வேண்டும், இந்த வாரத்தையும் போன வாரத்தையும் ஒப்பிட வேண்டும்.

கடலுக்குப் போகிறவருக்கு மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு என்ற பிரிவு பொருந்தாது. கரையைவிட்டுக் கிளம்பியதிலிருந்து கரைக்கு வரும் வரை ஒரு கோடு, கரையேறியதிலிருந்து தூங்கும் வரை ஒரு கோடு என்று மாற்றிக்கொள்ளுங்கள். புள்ளிகள் எந்தக் கோட்டில் குவிகின்றன என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். குடிக்குக் கரைக் கோடு, கெட்ட வார்த்தைக்குக் கடல் கோடு என்று பெரும்பாலும் பிரியும். இரண்டுக்கும் மருந்து வேறு. படகில் நோட்டை எடுக்க முடியாது என்பவருக்கும் இஞ்ஞாசியார் வழி வைத்திருக்கிறார்: தவறும் நொடியில் கையை நெஞ்சில் வைத்து எடுப்பது. நாலு பேர் நடுவில் நின்றாலும் யாருக்கும் தெரியாது. எண்ணிக்கையை மனதில் வைத்திருந்து கரைக்கு வந்து புள்ளி வையுங்கள். பேனா வேண்டாம், உப்புக் காற்றிலும் ஈரக்கையிலும் மை ஊறிவிடும், பென்சில் போதும். குறையின் பெயரை நோட்டில் எழுதாதீர்கள், வெறும் கோடும் புள்ளியும் யார் கையில் கிடைத்தாலும் ஒன்றும் புரியாது. நோட்டு தீர்ந்ததும் அடுப்பில் போட்டுவிடலாம். புள்ளிகளைச் சேர்த்து வைத்துப் பெருமையோ வேதனையோ படுவதற்கு ஒன்றுமில்லை.

வழக்கமாக நடக்கும் தவறு, ஒரே நேரத்தில் நான்கு குறைகளைப் பிடிப்பது. இரண்டாவது வாரமே நோட்டு பரண் ஏறிவிடும். இன்னொன்று, புள்ளி குறைய வேண்டும் என்பதற்காகப் புள்ளி வைக்காமல் விடுவது. வழிகாட்டி முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: மூன்று வாரம் சுத்தமாக வெள்ளையாக இருக்கும் பக்கம் சந்தேகத்துக்குரியது. சேவை என்ற வகையில் ஆன்ம வழிகாட்டலுக்கு ஐந்துக்கு நான்கு. ஒன்று குறைத்ததற்குக் காரணம் ஆள் கிடைப்பது அரிது என்பதே.

அன்பியத்தைப் பற்றிச் சுருக்கமாக. வீடு வீடாகக் கூடி வசனம் வாசித்து ஜெபிக்கும் இருபது முப்பது குடும்பங்கள். ஆஸ்பத்திரிச் செலவு, படகு திரும்பாத இரவில் துணைக்கு உட்காருவது, பிள்ளை ஃபீஸ் எனக் கைகொடுப்பதில் ஐந்துக்கு ஐந்து. கணக்கு ஒப்புவிக்க ஐந்துக்கு ஒன்று. பாதிப்பேர் மாமன் மச்சான், மீதி சம்பந்தி. ராத்திரி ஏழு மணிக்குக் கண்ணீரோடு சொன்னது விடியற்காலை மீன் ஏலம் முடிவதற்குள் ஊர் சுற்றிவிடும். அன்பியத்தின் குற்றம் இல்லை இது. அது அதற்காக ஏற்பட்டதில்லை.

மூன்று பேர் வாரம் ஒருமுறை கூடி ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லும் மூவர் குழுவைத்தான் நாங்கள் பெரிதும் பரிந்துரைக்கிறோம். சி.எஸ்.ஐ.யிலும் தனிச் சபைகளிலும் செல் குழு என்ற பெயரில் ஏற்கனவே பழக்கம். கத்தோலிக்கர்களுக்கும் தடை ஒன்றும் இல்லை. இதன் வேர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியிடம் இருக்கிறது. 1738 டிசம்பர் 25 அன்று அவர் சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதினார். வாரம் ஒருமுறை கூடுவது, போன சந்திப்புக்குப் பிறகு தெரிந்தே செய்த பாவம் என்ன, எந்தச் சோதனை வந்தது, எப்படித் தப்பினாய் என்று ஒவ்வொருவரையும் கேட்பது. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடந்தது இன்னும் சுவையானது. ஆலயக் கட்டடக் கடனை அடைக்க, ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவரை வைத்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்க ஏற்பாடு. வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்கள் குடியையும் சண்டையையும் கண்ணால் பார்த்துவந்து சொன்னார்கள். வசூல் கூட்டம் மேய்ப்புக் கூட்டமாக மாறியது. காசுக் கணக்குக் கேட்கப் போனதில்தான் ஆத்துமக் கணக்கு வந்தது. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இங்கிருந்த மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தார்கள். ஆனால் இந்த வாரக் கேள்வி மட்டும் எங்கோ வழியில் நழுவிவிட்டது.

ஏன் மூன்று பேர்? இரண்டு பேர் என்றால் ஒருவருக்கொருவர் சலுகை கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்: "நீ என்னைக் கேக்காதே, நான் உன்னைக் கேக்கல." ஐந்து பேர் என்றால் ஒருவருக்குப் பத்து நிமிடம்கூடத் தேறாது, இருவர் பேசி மூவர் தலையாட்டுவார்கள். மூன்றில் ஒருவர் கடலுக்குப் போய்விட்டாலும், எல்லை தாண்டினார் என்று இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய் மாதக்கணக்கில் வராவிட்டாலும் இரண்டு பேர் மிஞ்சுவார்கள். "முப்புரிநூல் சீக்கிரமாய் அறாது" என்ற பிரசங்கி 4:12-ஐக் கயிறு முறுக்கத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் கவிழ்கின்றன. ஆண்கள் ஆண்களோடு, பெண்கள் பெண்களோடு. ஒரே படகில் போகிறவர்கள் கூடாது. படகு ஓட்டுகிறவரிடம் "மீன் ஒதுக்கி விற்றேன்" என்று ஒரு வேலையாள் எப்படிச் சொல்வார்? சொன்னால் அவர் எப்படிக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார்? முன்பணம் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே குழுவில் கூடாது. மச்சான் மாப்பிள்ளை கூடாது, ஒருவருடைய பாவம் மற்றவருடைய அக்கா வாழ்க்கையாக இருக்கும். இத்தனையும் தள்ளினால் உள்ளூரில் ஆள் மிஞ்சமாட்டார்கள் என்று சொல்வது காதில் விழுகிறது. தங்கச்சிமடத்துக்காரருக்குப் பாம்பனில் ஆள் கிடைப்பார். பஸ் காசு அதிகமில்லை.

நேரம். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி போகும்; நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள். விசைப்படகு ஆட்களுக்கு வியாழன் சாயங்காலம் நல்ல நேரம். காலையில் கரையேறி, பங்கு வாங்கி, தூங்கி எழுந்திருப்பார்கள். கையில் காசு இருக்கிறது, டாஸ்மாக் கடையும் திறந்திருக்கிறது. சோதனை எந்த நேரத்தில் வருமோ அந்த நேரத்தில் சந்திப்பு இருக்க வேண்டும். காசெல்லாம் செலவான பிறகு உட்கார்ந்து வருத்தப்படுவது சுலபம். ஒரு விசைப்படகுக்காரரையும் ஒரு நாட்டுப்படகுக்காரரையும் ஒரே குழுவில் போட்டால் பொது நாள் கிடைக்காமல் இரண்டே வாரத்தில் குழு கலையும். இதை யோசிக்காமல் ஆலயத்தில் சீட்டுக் குலுக்கி ஆள் பிரிப்பவர்கள் உண்டு. தீவுகளுக்குக் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள்தான் வேலை நாட்கள். அவர்கள் குழுவை இடைப்பட்ட நாட்களில் வையுங்கள். பெண்கள் குழுவுக்கு இன்னொரு தடை, வீட்டைவிட்டு ஒரு மணி நேரம் காரணம் சொல்லாமல் வர முடியாதது. செபமாலைக்குப் பிறகு கோயில் வளாகத்திலேயே அரை மணி நேரம் உட்காருவது பல இடங்களில் ஒத்துவருகிறது.

கேள்விகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். போன சந்திப்புக்குப் பிறகு கைக்கு வந்த பணம் எவ்வளவு, வீட்டுக்குப் போனது எவ்வளவு? எத்தனை நாள் ஜெபித்தாய்? யாரோடு பேச்சு இல்லாமல் இருக்கிறாய்? போனில் யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பது என்ன? போன வாரம் செய்கிறேன் என்று சொன்னதைச் செய்தாயா? எல்லாமே எண்ணாலோ பெயராலோ பதில் சொல்லக்கூடியவை. "ஆண்டவரோடு உன் உறவு எப்படி?" என்ற கேள்வி அழகாக இருக்கும், ஆனால் அதற்கு யாரும் எதையும் சொல்லித் தப்பிக்கலாம். கேட்கிற விதமும் முக்கியம்:

"இந்த வாரம் கொஞ்சம் கோபம் வந்துச்சுண்ணே."

"யார் மேல?"

"வீட்டுலதான்."

"வாயாலயா, கையாலயா?"

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கத் தைரியம் இல்லாத குழு, டீ குடிக்கிற குழு. பதில் "கையால" என்று வந்தால் ஜெபம் செய்து முடித்துவிடவும் கூடாது. அந்த அக்காவின் பாதுகாப்பு குழுவின் ரகசியத்தைவிடப் பெரியது. 181 என்ற பெண்கள் உதவி எண் அவர் கையில் இருக்க வேண்டும். அவர் நம்பும் ஒரு பெண் போய்ப் பேச வேண்டும். கைநீட்டியவருக்கு வாரா வாரம் அதே கேள்வி தொடர வேண்டும்.

நேரப் பங்கீடு: ஒரு மணி நேரம் என்றால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம், கடைசிப் பதினைந்து ஜெபத்துக்கு. யாக்கோபு 5:16 குற்றத்தை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொன்ன கையோடு ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கவும் சொல்கிறது. முதல் பாதி மட்டும் நடக்கும் குழு போலீஸ் ஸ்டேஷன் ஆகிவிடும், இரண்டாம் பாதி மட்டும் நடப்பது வழக்கமான ஜெபக்கூட்டம். ஒவ்வொரு வாரமும் வேறொருவர் முதலில் பேச வேண்டும். இல்லாவிட்டால் எப்போதும் ஒருவரே கேட்பவராகவும் மற்ற இருவர் குற்றவாளிகளாகவும் ஆகிவிடுவார்கள். வெஸ்லியின் வகுப்புகளில் (அந்தப் பன்னிரண்டு பேர் குழுக்களுக்கு அதுதான் பெயர்) மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர் சீட்டைப் புதுப்பிப்பார்கள். அதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்: மூன்று மாதம் என்று பேசி ஆரம்பியுங்கள், முடிந்ததும் தொடரவா வேண்டாமா என்று கேளுங்கள். முடிவு நாள் இல்லாத குழுவில் விலக நினைப்பவர் சொல்லாமலே நின்றுவிடுவார், அப்புறம் கடைத்தெருவில் முகம் திருப்பிக்கொள்வார். மொத்தத்தில் ஐந்துக்கு நாலரை.

வாட்ஸ்அப் ஜெபக் குழுக்களுக்கு ஒன்று. காலை வசனமும் ரோஜாப்பூப் படமும் வரும். கடலில் சிக்னல் போய்விடும். எழுதியதை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பிறகு திரும்பப் பெற முடியாது. சந்திப்பு நேரத்தை நினைவுபடுத்த மட்டும் பயன்படுத்துங்கள்.

காசு வாங்கிக்கொண்டு தனியாக "ஆவிக்குரிய தகப்பன்" ஆக முன்வருபவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர்கள் தேவையில்லை, அறிகுறிகள் போதும். ஆலோசனைக்கும் காணிக்கைக்கும் முடிச்சுப் போடுவது. கணவனிடமோ மனைவியிடமோ சொல்லாதே என்பது. போனின் பாஸ்வேர்டைக் கேட்பது. திருமணம், நிலம், வெளிநாட்டு வேலை எல்லாவற்றுக்கும் தன் அனுமதி வேண்டும் என்பது. மாத்திரையை நிறுத்தச் சொல்வது. பெண்ணைத் தனியாக இரவில் வரச் சொல்வது. தனக்கு மேல் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் இருப்பது. இந்தக் கடைசி அறிகுறி ஒன்றே போதும். மற்றவை பெரும்பாலும் அதன் பின்னாலேயே வந்து சேரும். முதல் சந்திப்பில் பணிவாக, "ஐயா, நீங்க யார்கிட்ட கணக்கு ஒப்புவிக்கிறீங்க?" என்று கேளுங்கள். ஒரு ஆளின் பெயரைச் சொன்னால் தொடரலாம். "நேரா ஆண்டவர்கிட்டதான்" என்றால் எழுந்து வந்துவிடலாம். தாவீது ராஜாவுக்கே நாத்தான் தீர்க்கதரிசி தேவைப்பட்டார். ராஜாவின் முகத்துக்கு நேரே "நீயே அந்த மனுஷன்" என்று சொல்ல அரண்மனைக்குள் ஒருவர் வர முடிந்தது. கீழ்ப்படிதல் என்ற சொல்லை வைத்து மனச்சாட்சியை வெளிப்படுத்தும்படி நிர்ப்பந்திப்பதைத் துறவற சபைகளிலேயே திருச்சபைச் சட்டம் 630 தடுக்கிறது. சாதாரண விசுவாசியை அப்படி நெருக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

வழிகாட்டியும் குழுவும் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதில் இங்கே நிறையக் குழப்பம். குடியில் நடக்கும் தவறு உயிரை எடுக்கும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் கோயிலில் சத்தியம் செய்துவிட்டு ஒரேயடியாக நிறுத்துகிறார். சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம், இல்லாததைக் காண்பது என வரக்கூடும். மறுநாள் படகேறிவிட்டால் நடுக்கடலில் பார்க்க யாரும் இல்லை. இதைப் பேய் என்று நினைத்து மந்திரிக்கும் வீடுகள் இன்றும் உண்டு. நிறுத்த விரும்புகிறவரை முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்; சத்தியமும் கணக்கும் அதற்குப் பிறகு. உடம்பு தேறியபின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் அமைப்பு) கூட்டம் எட்டும் தூரத்தில் இருந்தால் அதற்கும் போகச் சொல்லுங்கள். செய்த தவறின் சரியான வடிவத்தை இன்னொரு மனிதரிடம் ஒப்புக்கொள்வது அவர்களுடைய ஐந்தாவது படி. குடித்து மீண்டவரே அங்கே வழிகாட்டி என்பதால், ஏமாற்றுவது கடினம்.

குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் குழு ரகசியம் என்ற பேச்சே இல்லை. 2012-ம் வருடத்துப் போக்சோ சட்டம், பிரிவு 19, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸில் சொல்லக் கடமைப்பட்டவர் என்கிறது. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம். சாக வேண்டும் என்று ஒருவர் பேசினால் அன்றிரவு தனியாக விடக்கூடாது, 14416-ல் டெலிமானஸ் என்ற மனநல உதவி இருக்கிறது. வீட்டில் கைநீட்டுவது, குழந்தைக்கு எதிரான குற்றம், சாவுப் பேச்சு என்ற இந்த மூன்று விலக்குகளையும் முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். கேட்டபிறகு சொன்னால் துரோகமாகத் தெரியும்.

தொடங்க எது நல்ல சமயம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் எல்லோரும் கரையில், பாஸ்கா (ஈஸ்டர்) முடிந்த சூடும் ஆறியிருக்காது. எட்டு வாரச் சந்திப்பு தாராளமாக அடங்கும். முதல் வாரம் ஆள் பேசி முடிவு செய்வது, விலக்குகளைச் சொல்வது, ஐந்து கேள்விகளைத் தேர்ந்தெடுப்பது. இரண்டாம் வாரத்திலிருந்து கணக்கு. மூன்றாவது, நான்காவது வாரம் சலிப்பு வரும், ஒருவர் சாக்குச் சொல்லி வராமல் இருப்பார்; மற்ற இருவரும் அவர் வீட்டுக்கே போய்த் திண்ணையில் உட்கார்ந்து நடத்திவிடுவது நல்லது. கடன் நெருக்கும் காலமும் இதுதான் என்பதால் குழுவுக்குள் கைமாற்று கேட்பது கட்டாயம் நடக்கும். கொடுக்காதீர்கள், அன்பியத்துக்கு அனுப்புங்கள். கடன் புகுந்த வாரத்திலிருந்து யாரும் உண்மை பேசமாட்டார்கள்.

கரையில் இருக்கும்போது எட்டு வாரம் கூடுவது பெரிய காரியமில்லை. படகு இறங்கிய பிறகு வரும் ஒன்பதாவது சந்திப்பில்தான் பெரும்பாலான குழுக்கள் நின்றுபோகின்றன. தடை முடிந்த முதல் வாரம் பாடு அதிகம், காசு அதிகம், தூக்கம் குறைவு. அதனால் ஜூன் 15-க்குப் பிறகு வரும் முதல் வியாழக்கிழமை யார் வீட்டில், எத்தனை மணிக்கு என்பதை ஜூன் 14-க்குள் பேசி, மூன்று பேர் வீட்டுக் காலண்டரிலும் பென்சிலால் வட்டம் போட்டு வைத்துவிடுங்கள்.